தசை தளர, நெஞ்சு விரையும்

கட்டுமாவடிக் கடலில் வலை வீசுவோர் கடற்பாம்பை நன்கறிவர். மீனோடு மீனாய் வலையில் வந்து விழும் அதனைக் கையால் தொடாது கழியால் தள்ளிவிடுவர். கரையேறி வயற்புறம் வந்தால் கட்டுவிரியன் உண்டு. இரவில் பாயில் படுத்திருப்பவனைத் தீண்டிச் செல்லும் அப்பாம்பின் நஞ்சு ஏறியவன், இமையைத் தூக்க இயலாதவனாய், நாவை அசைக்க இயலாதவனாய், ஈற்றில் மூச்சை இழுக்கவும் இயலாதவனாய்க் கிடப்பான். அந்நிலையிலும் அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டால் இதயம் துடிக்கும் ஓசை கேட்கும். வெளியிலிருந்து மூச்சை ஊட்டிக்கொண்டிருப்பின் அவன் பிழைத்தெழவும் கூடும்.

உடலின் தசைகளெல்லாம் அடங்கிய பின்னும் இதயத்தசை மட்டும் அடங்காதது ஏன்? இவ்வினாவுக்கான விடையை நம்பியே இன்றைய அறுவை மருத்துவத்தின் பெரும்பகுதி நடைபெறுகின்றது. கட்டுவிரியன் செய்யும் வேலையை, அளவறிந்து, நேரமறிந்து, மயக்க மருத்துவர் ஊசி வழியே செய்கின்றார். அம்மருந்துகளே தசைத் தளர்த்திகள். இவை இதயத்தசையைத் தளர்த்துவதில்லை என்பது உண்மை. ஆயின் இதயத்தை அவை வாளா விட்டுவிடுவதுமில்லை. சில அதனை விரையச் செய்கின்றன. சில தயங்கச் செய்கின்றன. ஒன்று, சிலரிடத்து, அதனை நிறுத்தியே விடுகின்றது. நம் நாட்டில் உருவாகி, இதயத்தை விரையச் செய்தமையால் ஒதுக்கப்பட்ட மருந்தொன்றும் உண்டு. அதன் கதையைச் சொல்வதே நம் நோக்கம். அதற்குமுன் சில அடிப்படைகளைக் கண்டுகொள்ள வேண்டியுள்ளது.

தமிழ்த்துறை மலரில் மருந்தைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று கேட்போர் இருக்கக்கூடும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே மாணாக்கர்க்குக் கற்பித்து, அறுவை மருத்துவம் பற்றி ‘இரண வைத்தியம்’ என்னும் நூலை 1867-இல் தமிழில் வெளியிட்டார். அவர் தொட்ட பணி நமக்கு அயலானதன்று என்பதே நம் மறுமொழி.

‘தளர்த்தி’ என்ற சொல்லே சற்று மென்மையானது, ஏமாற்றக்கூடியது. களைத்தவன் திண்ணையில் சாய்ந்து கைகால்களைத் தளரவிடுவது போன்றதன்று இது. தசை அறவே செயலற்றுப் போகின்றது, மூச்சும் நின்றுவிடுகின்றது. மருந்தேறிய நொடி முதல் நோயாளியின் மூச்சு மருத்துவரின் பொறுப்பாகிவிடும். மேலும், இம்மருந்து உறக்கம் தருவதுமில்லை, வலியை நீக்குவதுமில்லை. அவற்றுக்கு வேறு மருந்துகள் உண்டு. மூச்சுக்குழலில் குழாய் செலுத்தத் தொண்டை இளகவேண்டும். வயிற்றைத் திறந்து வேலை செய்ய வயிற்றுத்தசை விறைக்காதிருக்கவேண்டும். இவ்விரண்டுக்காகவே தளர்த்தி. இது இல்லாத காலத்தில் தசை தளருமளவுக்கு ஈதரை ஆழமாக ஏற்றினர்; அந்த ஆழத்தில் மூச்சும் குருதியோட்டமும் சேர்ந்தே தளர்ந்தன.

இனி, நரம்பும் தசையும் கூடுமிடத்தைக் காண்போம். நரம்பின் நுனி தசையைத் தொடுவதில்லை. இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அதனைக் கடந்து செய்தி கொண்டு செல்லும் தூதுப்பொருள் அசிட்டைல்கோலின். தசையின் மேலுள்ள ஏற்பியில் அது சென்று அமர, தசை சுருங்குகின்றது. தளர்த்தி மருந்து அவ்விருக்கையை முன்கூட்டியே பிடித்துக்கொள்கின்றது. தூது வருகின்றது, அமர இடமில்லை, தசை அசைவதில்லை. பிரெஞ்சு உடலியலார் கிளாடு பெர்னார்டு 1850-களில் தவளைகளைக் கொண்டு இதனை உய்த்துணர்ந்தார். நஞ்சேறிய தவளையின் நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையையே நேராகத் தூண்டினால் அசைந்தது. ஆகவே கேடு நரம்பிலுமில்லை, தசையிலுமில்லை, இரண்டும் சந்திக்குமிடத்தில் உள்ளது என்பது புலனாயிற்று. கட்டுவிரியனின் நஞ்சும் அவ்விடத்தையே தாக்குகின்றது.

இதயம் அவ்வாறன்று. அது தன் துடிப்பைத் தானே பிறப்பிக்கின்றது. நரம்பின் ஆணைக்குக் காத்திருப்பதில்லை. நரம்புகள் அதன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே செய்கின்றன. குறைப்பது வேகஸ் நரம்பு. மூளையிலிருந்து புறப்பட்டுக் கழுத்து, மார்பு, வயிறு எனத் திரிவதால் ‘அலைவது’ என்னும் பொருள்பட இலத்தீனில் அப்பெயரிட்டனர். ஓட்டோ லோவி 1921-இல் செய்த ஆய்வு இங்கு நினையத்தக்கது. தவளை இதயம் ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்புத் தணிந்தது. அவ்விதயம் மூழ்கியிருந்த நீரை எடுத்து மற்றோர் இதயத்தின்மேல் விட்டார். நரம்புத் தூண்டல் ஏதுமின்றியே அதுவும் தணிந்தது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கின்றது என்பது அதனால் மெய்ப்பட்டது. அப்பொருள் அசிட்டைல்கோலினே. அதே பொருள்தான் கைகால் தசைகளிலும் தூது செல்கின்றது என்பதை ஹென்றி டேல் குழுவினர் பின்னர் நிறுவினர். லோவியும் டேலும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சிக்கலின் வேர் இதுவே. கைகால் தசையைச் சுருக்குவதும் இதயத்தைத் தணிப்பதும் ஒரே தூதன். இரண்டிடத்து ஏற்பிகளும் வேறு வேறு வகையின. ஆதலால்தான் தசை அடங்கும்போது இதயம் அடங்குவதில்லை. ஆயினும், ஒரே தூதனை ஏற்கும் இரு வாயில்களாதலின், ஒன்றை அடைக்க வந்த மருந்து மற்றொன்றிலும் சிறிது ஒட்டிக்கொள்ளக்கூடும். இதய வாயில் அடைபட்டால் வேகஸ் நரம்பின் கடிவாளம் அறுகின்றது, இதயம் விரைகின்றது.

தென்னமெரிக்கக் காட்டுவாசிகள் அம்பில் தடவிய கியூராரே என்னும் நஞ்சே முதல் தளர்த்தி. மூங்கில் குழாயில் அடைத்து வைக்கப்பட்ட அதன் வகையொன்றிலிருந்து 1935-இல் இலண்டனில் ஹெரால்டு கிங் பிரித்தெடுத்த தூய பொருளுக்கு, அக்குழாயின் நினைவாகவே டியூபோகியூராரின் என்று பெயர் வந்தது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் 1942 சனவரி 23 அன்று அறுவை நோயாளி ஒருவருக்குக் கியூராரேச் சாற்றைச் செலுத்தியதே மயக்கவியலில் அதன் பயன்பாட்டின் தொடக்கமெனக் கொள்வர். நம் நாட்டிலும் வேலியில் படரும் வட்டத்திருப்பிக் கொடியிலிருந்து ஹயாட்டின் என்னும் காரப்பொருளைப் பிரித்து, அதன் வழிப்பொருளுக்குக் கியூராரே ஒத்த ஆற்றலுண்டு என 1950-களில் ஆய்வாளர் கண்டனர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

டியூபோகியூராரினின் குறை குருதியழுத்தத்தைத் தாழ்த்துவது. உடலின் சில அணுக்களில் அடைந்து கிடக்கும் ஹிஸ்டமினை அது விடுவிக்கின்றது. தோல் சிவந்து, குருதிக்குழாய்கள் விரிந்து, அழுத்தம் இறங்கும். போதாக்குறைக்கு, குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளின் முடிச்சுகளிலும் அது தடையை உண்டாக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனைகள் 10-இல் ஏறத்தாழ 6 இலட்சம் மயக்கங்களை ஆராய்ந்து பீச்சர், டாட் என்போர் 1954-இல் வெளியிட்ட அறிக்கை மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. தளர்த்தி பெற்றோரிடையே மயக்கத்தையொட்டிய இறப்பு, பெறாதோரைவிட ஏறத்தாழ 6 மடங்காக இருந்ததாம். மருந்தே நஞ்சு என அவர்கள் முடிவுகட்டினர். மூச்சைப் போதிய அளவு ஊட்டாமையே பெரும்பாலும் காரணம் எனப் பின்னோர் கருதினர். இவ்வழக்கில் பின்னோர் பக்கமே நியாயம் மிகுதி என்பது நம் எண்ணம். ஆயின் அவ்வறிக்கை எழுப்பிய அச்சம் நல்லதே செய்தது.

1950-களின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்த சக்சினைல்கோலின் வேறொரு வகை. நம் மருத்துவமனைகளில் ஸ்கோலின் என்பர். ஒரு நிமிடத்திற்குள் தசை தளரும். சில நிமிடங்களில் மீளும். வயிறு நிறைந்த நிலையில் அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர்க்கு விரைந்து குழாய் செலுத்த இதற்கு இணை நெடுங்காலம் இல்லை. இதன் அமைப்பு, அசிட்டைல்கோலின் மூலக்கூறு இரண்டை ஒட்டவைத்தது போன்றது. எனவே இது வாயிலை அடைப்பதன்று; திறந்துகொண்டு உள்ளே அமர்ந்துவிடுவது. இதயத்திலும் தூதனைப் போலவே நடந்து துடிப்பைத் தணிக்கக்கூடும். குழந்தைகளிடத்தும், சில நிமிடங்கள் கழித்து இரண்டாம் முறை செலுத்தும்போதும் இத்தணிவு மிகும். அட்ரோப்பின் அருகில் எடுத்துவைக்கப்படுவது அதனாலேயே.

அதனினும் பெரிய கேடு பொட்டாசியத்தால் வருவது. தசை வாயில்கள் திறக்கும்போது உள்ளிருக்கும் பொட்டாசியம் குருதியில் கசிகின்றது. குருதியில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய அது, இயல்பான உடலில் இம்மருந்தால் 0.5 அளவே உயரும், தீங்கில்லை. ஆனால் பெருந்தீக்காயம் பட்டவர், பக்கவாதத்தாலோ தண்டுவடக் காயத்தாலோ கைகால் விளங்காதவர், நெடுநாள் அசைவின்றிக் கிடந்தவர் ஆகியோரின் தசையில் சில நாள்களிலேயே ஏற்பிகள் பெருகிப் பரவிவிடுகின்றன. ஒரே தலைவாயில் இருந்த வீட்டில் சுவரெங்கும் கதவு முளைத்தாற்போல எனலாம். அவர்க்கு ஸ்கோலின் செலுத்தினால் எல்லாக் கதவும் ஒருசேரத் திறக்கும். பொட்டாசியம் வெள்ளமாய்ப் பாயும். இதயம் தாறுமாறாகித் துடிப்பு நிற்கும். பிறவித் தசைநலிவு நோய் வெளிப்படாதிருந்த சிறுவர் சிலர் இவ்வாறு இறந்தமையால், சிறார்க்கு இதனை வழக்கமாகச் செலுத்தலாகாது என்னும் எச்சரிக்கை 1990-களில் அமெரிக்காவில் இடம்பெற்றது. கடற்பாம்பு தீண்டியோரின் இறப்பிலும் இதையொத்த நிகழ்வு உண்டு. அந்நஞ்சு தசையைச் சிதைக்க, சிதைந்த தசையின் பொட்டாசியமே இதயத்தை வீழ்த்துவதுண்டு.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். கட்டுமாவடிப் பகுதியினர் பெரிய அறுவைக்கு அறந்தாங்கி, புதுக்கோட்டை, தஞ்சை என்று செல்கின்றனர். முதல்நாள் மயக்க மருத்துவர் வந்து, முன்பு என்ன நோய், என்ன மாத்திரை, நெஞ்சுவலி உண்டா, கைகால் விளங்காமல் இருந்ததுண்டா, வீட்டில் எவரேனும் மயக்க மருந்தால் இடர்ப்பட்டதுண்டா எனக் கேட்பதை நம் வீட்டார் வெறுஞ்சடங்கென எண்ணுகின்றனர். “நெஞ்சுவலின்னு சொன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்ருவாங்க, சொல்லாதீங்க அத்தா” என்று மகன் தந்தையின் காதோரம் கூறுவதை நாம் கேட்டதுண்டு. தந்தைக்கு மூன்று மாதத்திற்கு முன் வந்துபோன பக்கவாதத்தை, “இப்போ நல்லாத்தான் நடக்குறாங்க” என்று விட்டுவிடுவதுமுண்டு. மறைப்பது அன்பினால்தான். ஆயின் எம்மருந்தை எடுப்பது, எதனை விடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்வது அந்தச் சொல்லைக் கொண்டே என்பதை மேற்கண்ட செய்தி விளக்கும்.

வேறொரு திசையில் 1940-களின் இறுதியில் கல்லமைன் வந்தது. வேகஸ் நரம்பைத் தடுத்து இதயத்தை மிக விரையச் செய்தது. பின்னர் ஸ்காட்லாந்திலுள்ள ஆர்கனான் நிறுவன ஆய்வகத்தில் 1964-இல் தொகுக்கப்பட்டு, 1967 முதல் நோயாளிகளிடம் பயன்பட்ட பான்குரோனியம் பெரும்புகழ் எய்தியது. ஸ்டீராய்டு என்னும் கரிமச் சட்டத்தின் இரு முனைகளிலும் நேர்மின்னேற்றம் கொண்ட நைட்ரசன் அணுவொன்றை வைத்து அமைத்த மருந்து அது. அழுத்தத்தை அது தாழ்த்துவதில்லை. நாடியையோ நூற்றுக்கு 10 முதல் 15 வரை உயர்த்தும். இதன் செயலை நம்மூர் ஊமத்தையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஊமத்தை விதையைத் தின்றவர்க்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, நெஞ்சு படபடக்கும். அதிலுள்ள அட்ரோப்பின் இனத்துக் காரப்பொருள்கள் வேகஸ் நரம்பின் வாயில்களை அடைப்பதே காரணம். பான்குரோனியம் இதயத்தளவில் அவ்வேலையை மென்மையாகச் செய்கின்றது.

நலமுள்ள இளைஞனுக்கு இவ்விரைவு ஒரு பொருட்டன்று. இதயம் தனக்குரிய குருதியைப் பெரும்பாலும் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட ஓய்விலேயே பெறுகின்றது. நாடி விரைய அவ்வோய்வு குறுகும். இதயக்குழாய் அடைப்புள்ள முதியவர்க்கு அது தாங்காது. இளமையில் வந்த வாதக்காய்ச்சலால் ஈரிதழ் வால்வு குறுகிய பெண் அறுவைவழி மகப்பேற்றுக்கு வரும்போது இன்னும் இடர் மிகும். இடக்கீழறை நிறைய நேரமின்றி, குருதி நுரையீரலில் தேங்கும். அதேவேளை, இதய அறுவையில் நாடியை மிகத் தணிக்கும் ஃபென்டனில் போன்ற வலிநீக்கிகளைப் பேரளவில் தரும்போது, அத்தணிவை ஈடுசெய்யப் பான்குரோனியத்தையே விரும்பித் தேர்ந்த மருத்துவரும் உண்டு. ஒருவர்க்குத் தீமையானது மற்றொருவர்க்கு உதவியாயிற்று.

இப்பின்னணியிலேதான் சண்டிகரின் மருந்து தோன்றிற்று. ஸ்கோலினைப் போல் விரைந்து தொடங்கி விரைந்து முடியவேண்டும். ஆனால் பொட்டாசியக் கேடின்றி, வாயிலை அடைக்கும் வகையினதாக இருக்கவேண்டும். உலகெங்கும் மருந்து வேதியியலார் தேடிய இலக்கு அது. பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் அறிவியல் துறைப் பேராசிரியர் ஹர்கிஷன் சிங்கும் அவருடன் பணியாற்றிய தரம் பாலும் ஸ்டீராய்டுச் சட்டத்தில் ஒரு மாற்றம் செய்தனர். நைட்ரசன் அணுக்களில் ஒன்றைச் சட்டத்தின் வெளியே தொங்கவிடாமல் வளையத்தின் உள்ளேயே பதித்தனர். இவ்வாறு பிறந்த பொருள் எச்.எஸ். 310 என்னும் எண்ணும், நகரின் பெயரொலியைத் தாங்கிய சண்டோனியம் அயோடைடு என்னும் பெயரும் பெற்று 1974-இல் ஆய்விதழில் வெளிவந்தது. கிளாஸ்கோ நகரின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழக மருந்தியலார் அதனை விலங்குகளில் ஆராய்ந்து 1975-இல் முடிவுகளை வெளியிட்டனர். பின்னாளில் உலகப் பொதுப்பெயராகக் கேண்டோகுரோனியம் என்பதும் வழங்கப்பெற்றது.

மருந்து தன் வேலையைச் செவ்வனே செய்தது. விரைந்து தொடங்கிற்று, குறுகிய நேரமே நின்றது, நரம்பு முடிச்சுகளை அது பெரிதாகத் தாக்கவுமில்லை. இந்திய மருத்துவமனைகளில் நோயாளிகளிடமும் சோதித்தனர். ஆனால் இதயம் விரைந்தது. ஏறத்தாழ பான்குரோனியத்தால் விரையும் அதே அளவு விரைந்தது. அதனால் மேற்கொண்டு வளர்த்தெடுக்காமல் கைவிட்டனர்.

பான்குரோனியத்தை அதே குறையோடு உலகம் ஏற்றுக்கொண்டிருக்க, சண்டோனியத்தை மட்டும் தள்ளியது முறையோ என்று கேட்கத் தோன்றும். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. எண்ணிப் பார்க்குங்கால், முன்னர் வந்த மருந்தின் குறையை மருத்துவர் பழகி அறிந்திருந்தனர் என்பதும், அதே குறையோடு பின்வரும் மருந்து அக்குறையை இரட்டிப்பதன்றி நீக்குவதில்லை என்பதும் விளங்கும். அதற்குள் 1980 அளவில் வெக்குரோனியமும் அரங்கேறிவிட்டது. அது வேறு யாதுமன்று. பான்குரோனிய மூலக்கூற்றின் ஒரு முனையிலுள்ள நைட்ரசனிலிருந்து மெத்தில் தொகுதி ஒன்றை நீக்கியதே. ஒரு கரி, மூன்று ஐதரசன், அவ்வளவே. அது நீங்கியதும் இதய வாயிலில் ஒட்டும் இயல்பு பெரிதும் நீங்கிற்று. தசையைத் தளர்த்தும் ஆற்றலோ குன்றவில்லை. ஓரெழுத்துக் கெடச் சொற்பொருள் திரிவதை யாப்பிலும் சொல்லிலும் கண்டு பழகிய நமக்கு இது வியப்பைத் தரினும் அயலாகத் தோன்றவில்லை. ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்திலேயே ஜான் ஸ்டென்லேக் உருவாக்கிய அட்ராக்குரியமும் அக்காலத்ததே. உடலின் வெப்பத்திலும் காரத்தன்மையிலும் தானாகவே சிதைவதால் சிறுநீரகம் கெட்டவர்க்கும் அது உகந்தது. விரைந்து செலுத்தினால் மட்டும் ஹிஸ்டமினை விடுவித்து அழுத்தத்தைத் தாழ்த்தும்.

சண்டோனியத்தின் சட்டத்தை அடியொற்றிப் பல ஒத்த பொருள்களைச் சண்டிகர் ஆய்வகம் தொடர்ந்து ஆக்கிப் பார்த்தது. அவற்றுள் எதுவும் அறுவை அரங்கின் அன்றாடப் பயனுக்கு வரவில்லை. ஹர்கிஷன் சிங் பின்னாளில் இந்திய மருந்தாக்கத் துறையின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதுவதில் முனைந்தார். 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வெல்லாத மருந்து ஒன்றை உலகத்தரத்தில் ஆக்கிக்காட்டிய அத்துறையைப் பற்றி நம் பாடநூல்கள் ஒரு வரியேனும் சொல்லியிருக்கலாம்.

அறுவை முடிந்தபின் தளர்த்தியை மீட்கும்போதும் இதயம் தப்புவதில்லை. நியோஸ்டிக்மின் என்னும் மருந்து அசிட்டைல்கோலின் சிதையாமல் காத்து அதன் அளவைப் பெருக்குகின்றது. பெருகிய தூதர் அடைத்திருந்த மருந்தைத் தள்ளித் தசையை எழுப்புகின்றனர். நல்லபாம்பு தீண்டியவர்க்கு இதனைத் தருவதும் இக்காரணம் பற்றியே. ஆனால் தூது இதயத்திலும் பெருகுமாதலின் நாடி மிகத் தணிந்துவிடும். எனவே அட்ரோப்பினையோ கிளைக்கோபைரோலேட்டையோ உடன் சேர்த்தே செலுத்துவர். 2008-இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்ற சுகம்மாடெக்ஸ் வேறுவழியில் செல்கின்றது. ரோக்குரோனியம், வெக்குரோனியம் ஆகியவற்றின் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகத் தன்னுள் பொதிந்து வெளியேற்றிவிடுகின்றது, தூதனைத் தொடுவதேயில்லை. அட்ராக்குரியத்தின்மேல் அதற்கு ஆற்றலில்லை. அதனைச் செலுத்தியபோதும் சிலர்க்கு நாடி கடுமையாகத் தணிந்ததாகக் குறிப்புகள் உள்ளமையால், நோயாளி கண்விழித்துத் தாமே மூச்சிழுக்கும்வரை மயக்க மருத்துவரின் கண் நாடி காட்டும் திரையை விட்டு அகல்வதில்லை.